ஐந்து மில்லி ரத்தமும் பத்தாண்டுப் பதிவும்

நோயாளிகளின் ரத்தம், சிறுநீர், திசு ஆகியவற்றை அவர்களுடைய மருத்துவ விவரங்களோடு சேர்த்துப் பல ஆண்டுகள் பாதுகாத்து, ஆய்வுக்குத் தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு உயிர்மாதிரி வங்கி என்று பெயர். ஆய்வுக்கூடங்களில் அதைப் பயோபேங்க் என்பார்கள். ரத்த வங்கியில் சேரும் ரத்தம் சில வாரங்களுக்குள் ஒரு நோயாளியின் உடம்பில் ஏறிவிடும். உயிர்மாதிரி வங்கியில் சேரும் குப்பியோ பத்து, இருபது ஆண்டுகள்கூடத் திறக்கப்படாமல் உறைநிலையில் இருக்கும். அதைக் கொடுத்தவருக்கு இடைப்பட்ட காலத்தில் என்ன நேர்ந்தது என்று தெரிந்த பிறகே அந்தக் குப்பிக்கு முழு மதிப்பு வருகிறது.

சர்க்கரை நோய்க்கு இப்படியொரு வங்கி தேவைப்படுவதற்குக் காரணம், அந்த நோயின் பின்விளைவுகள் நடந்துகொள்ளும் விதம். சர்க்கரை நோய் வந்து பதினைந்து ஆண்டுகளான இரண்டு பேருக்கு மூன்று மாதச் சராசரி அளவான எச்பிஏ1சி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு விழித்திரையில் ரத்தம் கசியும், சிறுநீரில் புரதம் போகும், பாதம் மரத்துப்போய்ச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாது. மற்றவர் கண்ணும் சிறுநீரகமும் காலும் நன்றாக இருக்க, வருடாந்தரப் பரிசோதனையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு, நோய் வந்து எத்தனை ஆண்டுகள் என்பவை எல்லாம் சேர்ந்தும் இந்த வேறுபாட்டை முழுதாக விளக்குவதில்லை. மரபணு, ரத்தப் புரதங்கள், உடலின் அழற்சி ஆகியவற்றிலும் விடையின் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் பாதிப்பு வந்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால், தெரிவது காரணமா விளைவா என்று பிரித்தறிய முடியாது. பாதிப்பு வருவதற்கு முன்பே எடுத்துவைத்த ரத்தம் வேண்டும்.

ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி ஆய்வு காட்டியது. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள 1,441 பேர் அதில் இருந்தார்கள். சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவில், விழித்திரை பாதிப்பு புதிதாகத் தோன்றுவது 76 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்ததும் அவர்களை விட்டுவிடாமல் 1994 முதல் எடிக் என்ற பெயரில் பின்தொடர்ந்தார்கள். அப்போதுதான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பிற்காலத்தில் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றுபோல் ஆனபோதும், தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு பல ஆண்டுகள் நீடித்தது. பழைய சர்க்கரையை உடல் மறப்பதில்லை என்ற இந்த உண்மை, நோய் கண்டுபிடிக்கப்பட்ட தொடக்க ஆண்டுகளின் முக்கியத்துவத்தை உலகெங்கும் மருத்துவர்களுக்கு உணர்த்தியது. ஆய்வு 1993-லேயே மூடப்பட்டிருந்தால் இது தெரிய வந்திருக்காது.

எடுத்துவைத்த மாதிரியே சிகிச்சைக்கு வழிகாட்டியதும் உண்டு. கண் அறுவை சிகிச்சையின்போது வெளியே எடுக்கப்படும் திரவம் வழக்கமாகக் கொட்டப்பட்டுவிடும். பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 164 நோயாளிகளிடமிருந்து அப்படிப்பட்ட 210 மாதிரிகளைச் சேர்த்து அளந்தார்கள். விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்துக்கொண்டிருந்த சர்க்கரை நோயாளிகளின் கண் திரவத்தில் விஈஜிஎஃப் என்ற புரதம் மிகுந்திருந்தது. 1994-ல் இந்த முடிவு வெளியானது. விழித்திரை வீக்கத்துக்கு இன்று கண்ணுக்குள் போடப்படும் ஊசி மருந்துகள் தடுப்பது இந்தப் புரதத்தைத்தான். கொட்டியிருக்க வேண்டிய சில சொட்டுத் திரவம் எத்தனையோ பேரின் பார்வைக்குப் பயன்பட்டிருக்கிறது.

சிறுநீரகத்துக்கும் இதே மையம் ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தந்தது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 410 பேரின் பிளாஸ்மாவை உறையவைத்து, அவர்களை 8 முதல் 12 ஆண்டுகள்வரை கவனித்துவந்தார்கள். அந்தக் காலத்தில் 59 பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. பிறகு பழைய குப்பிகளைத் திறந்து பார்த்தபோது, டிஎன்எஃப் ஏற்பி எனப்படும் அழற்சி சார்ந்த ஒரு புரதம் தொடக்கத்திலேயே யாருக்கு உயர்ந்திருந்ததோ, பெரும்பாலும் அவர்களுக்கே சிறுநீரகம் கெட்டிருந்தது. 2012-ல் இது வெளியானது. இந்த ஆய்வில் மாதிரி, காலம், பின்தொடர்ந்து எழுதிய பதிவு ஆகிய மூன்றில் எது குறைந்திருந்தாலும் இந்த முடிவு கிடைத்திராது. உறைபெட்டியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். பத்து ஆண்டுப் பதிவை அப்படி வாங்க முடியாது.

வெளிநாட்டு முடிவுகளை அப்படியே நம் ஊர் நோயாளிகளுக்குப் பொருத்தவும் முடியாது. உலகின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றான பிரிட்டனின் யூகே பயோபேங்க், 2006 முதல் 2010 வரை 40 முதல் 69 வயதுக்குட்பட்ட 5 லட்சம் பேரைச் சேர்த்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். தெற்காசியர்களுக்கு ஐரோப்பியரைவிடச் சுமார் பத்தாண்டு முன்னதாகவே சர்க்கரை நோய் வருகிறது. அதுவும் உடல் எடை அவ்வளவாகக் கூடாத நிலையிலேயே வந்துவிடுகிறது. வயிற்றில் சேரும் கொழுப்பும் இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் திறனும் இங்கே வேறு விதமாக இருப்பதால், பின்விளைவுகளின் வரிசையும் வேகமும்கூட வேறாக இருக்கலாம். அதை இங்குள்ளவர்களின் மாதிரிகளில்தான் தேட வேண்டும்.

தேவையின் அளவை ஐசிஎம்ஆர்-இண்டியாப் (INDIAB) ஆய்வு காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இணைந்து 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாக நடத்திய கணக்கெடுப்பு அது. 2023-ல் வெளியான முடிவின்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். பெரியவர்களில் நாட்டின் சராசரி 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இதே ஆய்வின் முதல் கட்டத்தில், 2011-ல் வெளியான முடிவில், தமிழ்நாட்டின் அளவு 10.4 சதவீதமாக இருந்தது.

அந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்த ரத்த மாதிரிகளே இந்தியாவின் முதல் நீரிழிவு உயிர்மாதிரி வங்கிக்கு அடித்தளம். ஐசிஎம்ஆரும் டாக்டர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து சென்னையில் அதை அமைத்தன. 2024 டிசம்பரில் அதுபற்றிய அறிவிப்பு வந்தது. கணக்கெடுப்பில் சேர்ந்த மாதிரிகளோடு, இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்களுக்கென 2006-ல் தொடங்கிய பதிவேட்டில் உள்ளவர்களின் மாதிரிகளும் அங்கே இருக்கின்றன. முதல் வகை, இரண்டாம் வகை, கர்ப்பகாலச் சர்க்கரை என வகைவாரியாக மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன.

ஒரு மருத்துவக் குழுவிடம் நீண்ட காலப் பதிவுகள் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்குச் சென்னைக் குழுவின் இன்னொரு ஆய்வும் சான்று. சுவீடனில் 2018-ல் சர்க்கரை நோயாளிகளை ஐந்து குழுக்களாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். டாக்டர் ஆர்.எம். அஞ்சனாவும் உடன் ஆய்வாளர்களும் 19,084 இந்திய நோயாளிகளின் விவரங்களை எடுத்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நோய்க்குள்ளேயே நான்கு குழுக்கள் தெரிந்தன. அவற்றில் இரண்டு இந்தியர்களிடம் புதிதாகக் காணப்பட்டவை. இன்சுலின் கடுமையாகக் குறைந்த குழுவுக்குக் கண் பாதிப்பின் அபாயம் அதிகம். இன்சுலின் குறைவும், இருக்கும் இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாமையும் சேர்ந்த குழுவுக்குச் சிறுநீரக பாதிப்பின் அபாயம் அதிகம். எல்லோருக்கும் ‘சுகர்’ என்று ஒரே பெயர் வைத்து ஒரே மாத்திரையில் தொடங்கினாலும், யாருக்கு எந்த உறுப்பை முதலில் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல இது ஒரு வழி.

சென்னை வங்கியைப் போன்ற ஒன்று மதுரையையும் அதைச் சுற்றிய சமவெளியையும் மையமாகக் கொண்டு அமையுமானால், கண் பாதிப்பைப் பொறுத்தவரை அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. வடமலாபுரம் கிராமத்தில் பிறந்து, மதுரை அரசு மருத்துவமனையில் கண் மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களுக்கே போய் முகாம் நடத்துவதைத் தன் வழக்கமாக்கிக்கொண்டது. விழித்திரை மருத்துவர் பெ. நம்பெருமாள்சாமியும் குழுவினரும் தேனி மாவட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 26,000 பேரைப் பரிசோதித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பகுதிக்கென்றே உள்ள மதிப்புமிக்க ஆவணம். பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய பதினொரு பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 12 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. சென்னை நகரத்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த க்யூர்ஸ் ஆய்வில் இந்த அளவு 17.6 சதவீதம். சென்னைக்கும் தேனிக்கும் இடையே ஏன் இந்த வேறுபாடு, நோயின் வயதா, உணவா, கண்டுபிடிக்கும் வசதியா என்பது மாதிரிகளோடு சேர்த்து ஆராய வேண்டிய கேள்வி.

மதுரை அண்ணா நகரில் மருத்துவமனையை ஒட்டி, நிறுவனரின் பெயரிலேயே 2008-ல் கண் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று திறக்கப்பட்டது. மரபணு, புரதம், குருத்தணு, நுண்ணுயிர், மருந்தியல் எனத் தனித்தனித் துறைகளோடு இயங்கும் அதை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்துகிறது. அறுவை அரங்கமும் ஆய்வுக்கூடமும் இப்படி அருகருகே இருப்பது மாதிரி சேகரிப்புக்குப் பெரிய வசதி. கண்ணின் உட்கூழை அகற்றும் அறுவை சிகிச்சையில் கிடைக்கும் திரவம் நேரம் கடக்குமுன் உறைநிலைக்குப் போய்விடும். கண் வங்கிக்குத் தானமாக வரும் கண்ணில் கருவிழி இன்னொருவருக்குப் பொருத்தப்படுகிறது. குடும்பத்தார் சம்மதித்தால் மீதித் திசு ஆய்வுக்குப் பயன்படும். சர்க்கரை நோயோடு வாழ்ந்து மறைந்த ஒருவரின் விழித்திரையை வேறெந்த வழியிலும் ஆய்வாளர்கள் நேரடியாகப் பார்க்க முடியாது. உயிரோடு இருப்பவரிடம் விழித்திரைத் திசுவை ஆய்வுக்காக வெட்டி எடுக்க முடியாதே.

படமும் ஒரு மாதிரிதான். விழித்திரையின் புகைப்படத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும் நுண்ணிய வீக்கங்கள், மஞ்சள் படிவுகள், கசிந்த ரத்தம் ஆகியவை நோயின் கட்டத்தைச் சொல்லிவிடும். கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி கொடுத்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று மருத்துவமனைகளின் படங்களும் இடம்பெற்றன. பின்னர் அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் அந்த முறை சோதிக்கப்பட்டு, முடிவு 2019-ல் வந்தது. பல ஆண்டுகள் ஒழுங்காக எடுத்து, வகைப்படுத்தி, அழியாமல் வைத்திருந்த படங்கள் இல்லாமல் அந்தக் கணினிக்கு எதையும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. உயிர்மாதிரி வங்கியில் ரத்தக் குப்பிக்குப் பக்கத்திலேயே இந்தப் படமும் சேர வேண்டும். அதே நாளில் எடுத்த ரத்தமும் அதே நாளில் எடுத்த படமும் சேர்ந்தால்தான் ஒன்று மற்றொன்றை விளக்கும்.

ஒரு குப்பி வங்கிக்குள் போகும் வழி நீளமானது. காலையில் வெறும் வயிற்றோடு வரும் நோயாளியின் முழங்கை மடிப்பில் ஊசி குத்தி, பல நிற மூடிகள் கொண்ட குழாய்களில் ரத்தம் எடுக்கிறார்கள். ஊதா மூடிக் குழாயில் உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கும். எச்பிஏ1சி பார்ப்பதும் மரபணுப் பொருளைப் பிரித்தெடுப்பதும் அதிலிருந்து. சாம்பல் மூடிக் குழாய் சர்க்கரை அளவுக்கு. சீரம் வேண்டுமானால் ரத்தத்தை உறையவிட்டுப் பிரிக்கும் குழாய். எடுத்தவுடன் குழாயை மெதுவாகத் தலைகீழாகப் பலமுறை சாய்க்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்து அளவுகள் கெட்டுப்போகும். ஊசி குத்துபவரின் கைப்பழக்கத்தில் தொடங்கும் தவறு பத்து ஆண்டு கழித்து ஓர் ஆய்வறிக்கையின் எண்ணாக வெளிவரலாம். இந்த வேலையைச் செய்யும் டெக்னீஷியனுக்கு அந்த அறிக்கையில் பெயர் இருக்காது. ஆனால் முழு வங்கியும் நிற்பது அவர் பயிற்சியின் மீதுதான்.

அடுத்த எதிரி நேரமும் வெயிலும். எடுத்த ரத்தத்தை அறை வெப்பத்தில் பிரிக்காமல் வைத்தால், அணுக்கள் தொடர்ந்து சர்க்கரையை எரித்துக்கொண்டே இருப்பதால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை அளவு குறையும். அக்னி நட்சத்திரக் காலத்தில் மதுரையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், உசிலம்பட்டிப் பக்கத்து முகாமில் எடுத்த ரத்தம் சாதாரணப் பெட்டியில் நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் நிறைய மாறியிருக்கும். ஆர்என்ஏ போன்ற மென்மையான மூலக்கூறுகள் அதைவிட விரைவில் சிதையும். அதனால் முகாம் நடக்கும் இடத்திலேயே சிறிய சென்ட்ரிஃபியூஜ் வைத்துப் பிரித்து, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்புவது நல்லது. எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்குப் பிரித்தது, எத்தனை மணிக்கு உறையவைத்தது என்ற மூன்றையும் குழாயோடு எழுதிவைக்க வேண்டும். தாமதமே இல்லாமல் நடத்துவது இயலாது. எவ்வளவு தாமதம் என்று தெரிந்தால் ஆய்வாளர் அதைக் கணக்கில் கொள்ள முடியும்.

பிரித்த பிளாஸ்மாவையும் சீரத்தையும் ஒரே பெரிய குழாயில் வைப்பதில்லை. அரை மில்லி, கால் மில்லி எனச் சின்னச் சின்னக் குப்பிகளில் பகிர்ந்து, ஒவ்வொன்றிலும் குளிரில் உரியாத பார்கோடு ஒட்டுகிறார்கள். ஒருமுறை உருக்கி மறுபடி உறையவைத்தால் பல புரதங்கள் பழுதாகும். சின்னக் குப்பியாக இருந்தால் ஓர் ஆய்வுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம். பிறகு அவை மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்குப் போகின்றன. உயிருள்ள அணுக்களைக் காப்பாற்ற வேண்டுமானால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் தானே ஓடத் தொடங்க வேண்டும். உள்ளே வெப்பம் ஏறினால் நள்ளிரவிலும் பொறுப்பாளரின் செல்பேசிக்கு எச்சரிக்கை போக வேண்டும். ஒரே நோயாளியின் குப்பிகளை இரண்டு உறைபெட்டிகளில், முடிந்தால் இரண்டு கட்டடங்களில், பிரித்துவைப்பது நல்ல வங்கிகளின் வழக்கம். ஒன்று பழுதானாலும் மற்றது மிஞ்சும்.

குப்பியோடு சேரும் விவரங்களுக்கும் இதே கண்டிப்பு வேண்டும். வயது, நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு, சாப்பிடும் மருந்துகள், இன்சுலின் அளவு, ரத்த அழுத்தம், குடும்பத்தில் யாருக்கெல்லாம் சர்க்கரை என்பவை தொடக்கம். பின்விளைவுகளுக்கென்று தனிப் பரிசோதனைகள் உண்டு. இரு கண்களின் விழித்திரைப் படம், சிறுநீரில் ஆல்புமின் அளவு, ரத்தத்தில் கிரியாட்டினின், இதயத்துக்கு ஈசிஜி. பாதத்துக்கு மோனோஃபிலமென்ட் என்னும் மெல்லிய நைலான் இழை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் அந்த இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, கண்ணை மூடியிருக்கும் நோயாளியிடம் எங்கே தெரிகிறது என்று கேட்பார்கள். தெரியாத இடத்தில் நரம்பு மங்கிவிட்டது என்று பொருள். வயலில் வெறுங்காலோடு நடப்பவருக்கும் கோயில் பிராகாரத்தைச் சூடான கல்லில் சுற்றிவருபவருக்கும் அந்த மங்கல் புண்ணாக மாறுவது எளிது. காலணி, தொழில் என்ற விவரங்களை மருத்துவச் சீட்டில் பெரும்பாலும் எழுதுவதில்லை. வங்கிப் படிவத்தில் அவற்றுக்கு இடம் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் வருவது ஒப்புதல். சாதாரண ஆய்வில் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லிவிடலாம். வங்கிக்கு எடுக்கும் ரத்தம் இன்னும் பிறக்காத கேள்விகளுக்கும் பயன்படலாம் என்பதால், அதற்குரிய ஒப்புதலைப் பரந்த ஒப்புதல் என்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மட்டுமா, வேறு நோய்களுக்குமா, மரபணுவைப் பார்க்கலாமா, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று குறிக்கவிடுவதே நேர்மையான முறை. மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு முதிய விவசாயத் தொழிலாளி, மருத்துவர் நீட்டும் தாளில் கைநாட்டு வைப்பதை வைத்தியத்தின் ஒரு பகுதி என்றே நினைப்பார். வைக்காவிட்டால் மருந்து கிடைக்காதோ என்ற பயமும் இருக்கும். ஆகவே, சிகிச்சை தரும் மருத்துவரே ஒப்புதல் வாங்காமல், நேரம் எடுத்துப் பேசத் தெரிந்த வேறொருவர் வாங்குவது நல்லது.

இந்தக் கவனம் குறைந்தால் என்ன நேரும் என்பதற்கு, சர்க்கரை நோய் ஆய்விலேயே ஒரு கசப்பான வரலாறு உண்டு. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடியினரிடம் சர்க்கரை நோய் மிகுதியாக இருந்தது. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஆராய்வதாகச் சொல்லி அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். அந்த மாதிரிகள் பிறகு மனச்சிதைவு நோய் பற்றியும், அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராய்வதற்குப் பயன்படுத்தப்பட்டன. தங்கள் முன்னோர் பற்றிய நம்பிக்கைக்கு எதிராகத் தங்கள் ரத்தமே பயன்பட்டதை அறிந்த அந்த மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. மிச்சமிருந்த ரத்தமும் அவர்களிடமே திருப்பித் தரப்பட்டது. சட்டம் தந்த நிவாரணத்தைவிட, ஆய்வாளர்கள் மீதிருந்த நம்பிக்கை போனதே பெரிய இழப்பு.

இந்தியாவில் இதற்கு வழிகாட்டுவது ஐசிஎம்ஆர் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள். உயிர்மாதிரிகளுக்கும் தரவுத்தொகுப்புகளுக்கும் அதில் தனிப் பகுதி இருக்கிறது. மாதிரியின் உரிமை அதைக் கொடுத்தவருக்கே என்றும், வங்கி அதன் பொறுப்பாளர் மட்டுமே என்றும் அது சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் வாங்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத எழுதப் படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் உடன் இருக்க வேண்டும். விலகிக்கொள்ளும் உரிமை எப்போதும் உண்டு. விலகியதால் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது. மாதிரி வெளிநாட்டு ஆய்வுக்குப் போவதானால் மத்திய சுகாதாரத் துறையின் பரிசீலனைக் குழு ஒப்புதல் தர வேண்டும். பெயர், முகவரி போன்ற அடையாளங்களைக் குப்பியிலிருந்து பிரித்து, எண்ணை மட்டும் ஒட்டுவதும், பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியலை வேறொருவரின் பூட்டுக்குள் வைப்பதும் வழக்கம். 2023-ன் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பொறுப்புக்கு மேலும் கனம் சேர்த்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பின்தொடர்தல். இன்று மாதிரி கொடுத்தவர் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அவருடைய குப்பி பாதி ஊமை. வருவோர் குறைவதற்குக் காரணங்கள் சாதாரணமானவை. பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி போவது, நடவு அல்லது அறுப்புக் காலம், திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போய்விடுவது, செல்பேசி எண் மாறுவது. பார்வை மங்கியவர், கால் இழந்தவர், டயாலிசிஸில் இருப்பவர் வருவது இன்னும் கடினம். ஆனால் ஆய்வுக்கு மிகவும் தேவையான செய்தி அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் விடுபட்டால், பின்விளைவுகள் இருப்பதைவிடக் குறைவாக இருப்பது போன்ற தோற்றம் வரும். வீட்டுக்கே ஆள் அனுப்புவதும் போக்குவரத்துச் செலவைக் கொடுப்பதும் ஆடம்பரம் அல்ல, ஆய்வின் அடிப்படைச் செலவு.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். தெருவில் யாருக்கு எந்த மருந்து, யார் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், யாருக்குக் காலில் புண் என்பது அவர்களுக்குத் தெரியும். நோயாளியின் சம்மதத்தோடு அந்தத் தொடர்பை ஒரு வங்கி பயன்படுத்திக்கொண்டால், விடுபடுவோர் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் சேர்க்கும் வங்கியில் நோய் முற்றியவர்களும் வசதி உள்ளவர்களும் அளவுக்கு மிஞ்சி இருப்பார்கள். வீடு தேடிப் போகும் வலையமைப்பு வழியாகச் சேர்த்தால், நோய் இருந்தும் எந்தப் பாதிப்பும் வராதவர்களும் உள்ளே வருவார்கள். ஏன் சிலர் தப்பிக்கிறார்கள் என்ற கேள்விக்கு அவர்களே சாட்சி.

சேர்த்த மாதிரிகளை யாருக்குக் கொடுப்பது என்பதற்கும் விதி வேண்டும். குப்பி ஒருமுறைதான் செலவாகும். அதனால் ஆய்வாளர்கள் விண்ணப்பித்து, அறிவியல் குழுவும் நெறிமுறைக் குழுவும் பார்த்த பிறகே அது வெளியே போகிறது. பெற்றுக்கொண்டவர் தன் அளவீடுகளை வங்கிக்கே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை பயனுள்ளது. அடுத்தவர் அதே அளவீட்டுக்காக இன்னொரு குப்பியைச் செலவழிக்க வேண்டியதில்லை. பண உதவி பெரும்பாலும் மூன்று, ஐந்து ஆண்டுத் திட்டங்களாகவே வருகிறது. கண்ணும் சிறுநீரகமும் கெடுவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. திட்டம் முடிந்ததும் மின்கட்டணத்துக்கும் டெக்னீஷியன் சம்பளத்துக்கும் யார் பொறுப்பு என்பதை, முதல் ஊசி குத்துவதற்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்ய வேண்டும். வங்கி மூடப்பட நேர்ந்தால் மாதிரிகள் எந்த நிறுவனத்துக்குப் போகும், அதை நோயாளிகளுக்கு எப்படித் தெரிவிப்பது என்பதும் அந்த எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்புதல் கேட்கப்படும் நோயாளி இந்த விவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது அவருடைய உரிமை.